செருப்புப் பணமும் செத்த குதிரையும்

ஐரோப்பாவுக்குப் போய்வந்த நம் ஆட்கள் எல்லாரிடமும் ஒரு போட்டோ இருக்கும். ஒரு மேடு. மேட்டின் மேல் கல் பாவிய சதுக்கம். சுற்றிலும் அரண்மனை, பெரிய கோயில், ஆயர் மாளிகை. நடுவில் நம் ஆள், அத்தனை கட்டடத்தையும் இப்போதுதான் பத்திரம் முடித்துவிட்டு வந்த முகத்தோடு நிற்பார். பிராக் நகரத்து ஹ்ராட்சானி சதுக்கத்தில் எடுத்த அப்படி ஒன்று எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் வந்து விழுந்தது. கூடவே ஒரு தகவல்: அங்கே இருக்கிற கோட்டையின் ஜன்னல் வழியாகத்தான் 1618-இல் மூன்று பேரைத் தூக்கி வெளியே எறிந்தார்களாம். சுமார் எழுபது அடி. மூன்று பேரும் பிழைத்துக்கொண்டார்கள். மாதா தாங்கினாள் என்றது கத்தோலிக்கக் கட்சி. கீழே கிடந்த சாணிக் குப்பை தாங்கியது என்றது எதிர்க்கட்சி. இந்தத் தகராறு முப்பது வருஷப் போராக முற்றி, பாதி ஐரோப்பாவைத் தின்று தீர்த்தது.

இதைப் படித்துவிட்டு ஆத்தூரில் உட்கார்ந்திருப்பவனுக்குப் பொறாமை வருமா வராதா? ஒருவரைத் தள்ளிவிடலாம் என்றாலும் எங்கள் ஊரில் அதற்கான உயரம் கிடையாது. தாமிரபரணி கடலில் கலப்பதற்கு முன்னால் கடைசியாக மூச்சு வாங்கும் இடம் இது. வாழையும் கொடிக்காலும் வயலும் தட்டையாகக் கிடக்கும். இங்கே மேலே ஏறும் ஒரே ஜீவன் அகத்தியில் படரும் வெற்றிலைக்கொடிதான். அதற்கு 2023-இல் புவிசார் குறியீடும் கொடுத்துவிட்டார்கள்.

மேடு இல்லாததால் எங்களுக்கு நேர்ந்த நஷ்டம் கொஞ்சமல்ல. ஐரோப்பாவில் சரித்திரத்தை மேட்டில் ஏற்றி வைத்தார்கள், அது அங்கேயே இருக்கிறது. நாங்கள் ஆற்று முகத்தில் வைத்தோம். ஆறு மண்ணைக் கொண்டுவந்து கொட்டி, கடலைத் தள்ளித் தள்ளி விட்டது. பாண்டியர் துறைமுகமான கொற்கையில் 1968-69 அகழாய்வில் கிடைத்த கரியைச் சோதித்துப் பார்த்து கி.மு. 785 வாக்கில் என்று வயது சொன்னார்கள். வயதில் குறைச்சல் இல்லை. ஆனால் இன்று கொற்கைத் துறைமுகத்தில் கப்பலை நிறுத்த வேண்டுமானால் லாரியில்தான் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். கடல் பல கிலோமீட்டர் அந்தப் பக்கம் போய்விட்டது. கொற்கை மண்மூடியதும் கடை காயலுக்கு மாறியது. காயல் தூர்ந்ததும் புன்னைக்காயல், பிறகு தூத்துக்குடி. வாடகைக்குக் குடியிருப்பவர்கள் மாதிரி ஒரு நகரமே பெட்டி படுக்கையோடு இடம் மாறிக்கொண்டிருந்திருக்கிறது.

ஆனாலும் மாவட்டத்துக்குள் ஒரு மேடு இருக்கிறது. மணப்பாட்டில், கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் மணல் குன்று. உச்சியில் 1581-இல் கட்டிய திருச்சிலுவை ஆலயம், பக்கத்தில் கலங்கரை விளக்கம், கடலைப் பார்த்த சரிவில் ஒரு குகை, அடிவாரத்தில் போர்ச்சுகலிலிருந்து வெட்டி எடுத்து ஒட்டிய மாதிரி ஒரு ஊர். விசா வேண்டாம், ஸ்வெட்டர் வேண்டாம். திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறினேன்.

அந்தப் பஸ் போகிற பாதையே ஒரு பெரிய பேரத்தின் வரைபடம். இந்தக் கரைக்கு அரசர்கள் வந்தது குறைவு. வந்தவர்களில் பெரும்பாலோர் விற்க வந்தார்கள் அல்லது வாங்க வந்தார்கள். எங்கள் முன்னோர் எதற்கும் அசரவில்லை. என்ன விலை என்று கேட்டார்கள், அவ்வளவுதான். சில நேரம் நன்றாக ஏமாந்தும் போனார்கள்.

உதாரணத்துக்குக் காயல். 1292 வாக்கில் மார்கோ போலோ இந்தத் துறைமுகத்தைப் பற்றி எழுதினார். அது பழையகாயல்தான் என்று கால்டுவெல் பாதிரியார் தோண்டிப் பார்த்துச் சொன்னார். இதைக் காயல்பட்டினத்துக்காரர்கள் முன்னால் சொல்வதானால் இரண்டடி தள்ளி நின்று சொல்வது நல்லது. போலோ இங்கே கண்டு வியந்த விஷயங்களில் ஒன்று, ஆட்கள் எந்நேரமும் வெற்றிலை மென்றுகொண்டே இருப்பது. ஒருவரை அவமானப்படுத்த வேண்டுமானால் மென்ற எச்சிலை முகத்தில் துப்பிவிடுவார்களாம். எங்கள் ஊர் வெற்றிலை அன்றைக்கே ராஜதந்திரக் கருவியாக இருந்திருக்கிறது என்பதை இந்த இடத்தில் அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

போலோவுக்கு இன்னொரு ஆச்சரியம்: இந்த நாட்டில் தையல்காரனே இல்லை. எல்லாரும் அரைத்துணியோடு திரிகிறார்கள், தைக்க என்ன இருக்கிறது? அரசனுக்கும் அதே அரைத்துணிதான். ஆனால் கழுத்திலும் கையிலும் காலிலும் முத்தும் மாணிக்கமுமாக ஒரு பட்டணத்தை விலைக்கு வாங்கும் சொத்து. ஜெபம் சொல்ல மட்டும் 104 மணி கோத்த மாலை. சித்திரை வைகாசியில் இந்த வெயிலில் நின்றுபார்த்தவர்களுக்கு அரசனுடைய உடை விஷயத்தில் எந்தக் கேள்வியும் வராது.

அந்த முத்து வரும் வழியிலும் பேரம்தான். குளிக்கிற இடத்தில் சுறா தொல்லை. அதற்கு மந்திரம் போட்டு வாயைக் கட்ட ஆட்கள் இருந்தார்கள். கிடைப்பதில் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு, சுறாவைக் கட்டியவருக்கு இருபதில் ஒரு பங்கு. இதில் என்னை நெகிழவைத்த நுணுக்கம் ஒன்று உண்டு. கட்டிய மந்திரத்தைச் சாயங்காலம் அவரே அவிழ்த்துவிடுவார். ராத்திரியில் எவனாவது திருட்டுத்தனமாக முங்கினால் சுறா கவனித்துக்கொள்ளும். காலையில் மறுபடி கட்டவேண்டும், மறுபடி பங்கு. ஒரே வேலையைத் தினமும் புதிதாகச் செய்து காசு வாங்கும் இந்தக் கலையை இன்றைய சாஃப்ட்வேர் கம்பெனிகள் மாதச் சந்தா என்கின்றன.

ஆனால் பேரத்தில் சாதனை படைத்தவர்கள் குதிரைக்காரர்கள். அரபுக் கரையிலிருந்து பாண்டியனுக்கு வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் குதிரை வந்தது. வஸ்ஸாஃப் என்ற பாரசீக வரலாற்றாசிரியர் தலைக்கு 220 சிவப்புப் பொன் தினார் என்று விலை எழுதிவைத்திருக்கிறார். ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை: வழியில் கடலில் செத்துப்போன குதிரைக்கும் பாண்டியன் கஜானாவிலிருந்து முழு விலை தரவேண்டும்! இதில் கையெழுத்துப் போட்ட அதிகாரி யாரென்று தெரிந்தால் அவருக்குச் சிலை வைக்கலாம். சரி, உயிரோடு வந்த குதிரையாவது பிழைத்ததா? வறுத்த தானியமும் வெண்ணெயும், குடிக்கக் காய்ச்சிய பசும்பாலும் கொடுத்தார்களாம். போலோ அரிசிச் சோறும் இறைச்சியும் என்கிறார். குதிரை என்ன, இந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு மாப்பிள்ளையே எழுந்து நடக்க மாட்டார். வருஷக் கடைசியில் நூறு குதிரைகூட மிஞ்சவில்லை. லாடம் அடிக்கத் தெரிந்த ஆள் ஒருவராவது இருந்திருந்தால் கொஞ்சம் பிழைத்திருக்கும். அப்படிப்பட்ட ஆளை வியாபாரிகள் கப்பலில் ஏற்றவே இல்லை. குதிரை சாகச் சாகத்தானே அடுத்த வருஷ ஆர்டர்?

இதை நினைத்துக்கொண்டிருந்தபோது பஸ் ஆறுமுகநேரி உப்பளங்களைத் தாண்டி, காயல்பட்டினத்தைத் தாண்டி, திருச்செந்தூரில் இறக்கிவிட்டது. இறங்கிய இடத்திலும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. 1648 வாக்கில் டச்சுக்காரர்கள் முருகன் கோயிலுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டார்கள். காலி செய்வதற்குப் பணம் கேட்டார்கள். பேரம் படியவில்லை. போகும்போது சண்முகரையும் நடராஜரையும் தூக்கிக்கொண்டு கப்பல் ஏறினார்கள். நடுக்கடலில் புயல். பயந்துபோய் இரண்டு சாமியையும் கடலில் இறக்கிவிட்டார்கள் என்று தலபுராணம் சொல்கிறது. 1653-இல் வடமலையப்ப பிள்ளை என்ற பக்தரின் கனவில் வந்து முருகனே முகவரி கொடுத்தார்: எலுமிச்சம்பழம் மிதக்கும், மேலே கருடன் வட்டமிடும், அங்கே முங்கு. முங்கினார்கள், கிடைத்தார். டச்சுக் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் இதை எந்தத் தலைப்பில் எழுதினார்களோ.

இந்தப் புயலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மணப்பாட்டுக்கும் ஒரு புயல் இருக்கிறது.

குலசேகரன்பட்டினம் தாண்டி மணப்பாட்டில் இறங்கினால் முதலில் கண்ணில் படுவது வீடுகள். கொழும்பு வியாபாரத்தில் காசு பார்த்த குடும்பங்கள் கட்டியவை. உயரத் தூண், வளைவு ஜன்னல், பால்கனி. சில வீடுகளில் ஆள் இருக்கிறார்கள், பலவற்றில் பூட்டு இருக்கிறது. மூன்று பெரிய கோயில்கள்: பரிசுத்த ஆவி, யாகப்பர், மேட்டில் திருச்சிலுவை. மணிரத்னம் 'கடல்' படத்துக்கு இங்கே வந்து கேமராவை வைத்தார். செட் போடும் செலவு மிச்சம்.

மேட்டை நோக்கித் திரும்பியதுமே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த பெரியவர் விசாரித்தார்.

"எங்கருந்து வாரிய?"

"ஆத்தூர், அண்ணாச்சி."

"வெத்தல இருக்கா?"

இல்லை என்றேன். ஆத்தூர்க்காரன் கைவீசிக்கொண்டு வந்ததை அவரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. "பொறவு என்னத்துக்கு வந்திய?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மார்கோ போலோ சொன்ன அளவுக்குப் போகாமல் விட்டாரே என்று நன்றியோடு மேலே நடந்தேன்.

ஊர் சொல்லும் கதை இது. 1540-இல் ஒரு போர்ச்சுக்கீசியக் கப்பல் புயலில் சிக்கியது. பாய் கிழிந்தது, பாய்மரம் முறிந்தது. கப்பல் தலைவன் முறிந்த மரத்தில் சிலுவை செய்து, எங்களைக் கரை சேர்த்தால் சேர்கிற இடத்தில் இதை நட்டு வைக்கிறேன் என்று நேர்ந்துகொண்டான். கப்பல் இந்தக் கரையில் வந்து ஒதுங்கியது. சொன்னபடி மேட்டில் சிலுவையை நட்டான்.

இரண்டு புயலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு கப்பலில் சாமியைத் தூக்கி எறிந்தால் பிழைக்கலாம் என்றார்கள். இன்னொன்றில் சாமிக்கு ஒரு சிலுவை நேர்ந்தால் பிழைக்கலாம் என்றார்கள். கடல் இரண்டு தரப்பையும் விட்டுவிட்டது. எனக்கு என்னவோ போர்ச்சுக்கீசியன் நடத்திய பேரம்தான் கெட்டிக்காரத்தனமாகப் படுகிறது. எப்படியும் உடைந்துபோன மரம், அதற்கு வேறு உபயோகம் கிடையாது. அதைக் கொடுத்து ஒரு கப்பல் நிறைய உயிரை வாங்கியிருக்கிறான். இப்போது வருஷா வருஷம் செப்டம்பர் 14 திருவிழாவுக்கு ஜனங்கள் அலைமோதுகிறார்கள். ரோமாபுரியிலிருந்து வந்த மெய்ச்சிலுவையின் துண்டு ஒன்றும் இங்கே இருக்கிறது என்பது ஊரின் நம்பிக்கை.

கப்பல் தலைவன் வருவதற்கு முன்பே கரையில் இன்னொரு பெரிய வியாபாரம் முடிந்திருந்தது. 1530-களில் பரதவர்களுக்கும் முத்துக்குளிப்பில் போட்டியாக இருந்த கூட்டத்தாருக்கும் தகராறு. ஒரு காதணியைப் பிய்த்ததில் ஆரம்பித்தது என்பார்கள். காதோடு போக வேண்டியது தலைகள் உருளும் அளவுக்குப் போய்விட்டது. அப்போது நுழைகிறார் ஜுவாம் த குரூஸ். கோழிக்கோட்டுக்காரர், அவ்வூர் அரசர் சாமூதிரி அனுப்பி 1513-இல் லிஸ்பன் போய், அங்கே ஞானஸ்நானமும் பட்டமும் வாங்கித் திரும்பியவர். தொழில்? வேறென்ன, குதிரை வியாபாரம். கடனும் இருந்தது. அவர்தான் பரதவர் தலைவர்களான பட்டங்கட்டிமாரிடம் யோசனை சொன்னார்: வேதத்தில் சேருங்கள், போர்ச்சுக்கீசியர் பாதுகாப்புக் கொடுப்பார்கள். பட்டங்கட்டிமார் கொச்சிக்குப் போய்ப் பேசினார்கள். பேச்சு முடிந்தது. 1536-37-இல் இந்தக் கரையில் ஏறத்தாழ 20,000 பேர் தண்ணீர் வாங்கினார்கள். ஒரே மூச்சில் ஊர் முழுக்க லிஸ்பன் ஆகிவிட்டது: பெர்னாண்டோ, கொரைரா, மச்சாடோ, ரொட்ரிகோ, கோமஸ். பாண்டியன் காலத்து வலையை மச்சாடோ காய வைத்தார், பெர்னாண்டோ கிழிசலைத் தைத்தார்.

இந்தப் பேரத்தில் ஒரு சின்ன விஷயத்தை இரண்டு தரப்பும் மறந்துவிட்டன. ஜெபம் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. 20,000 கிறிஸ்தவர்கள், ஒருவருக்கும் ஒரு மந்திரமும் தெரியாது. அதைக் கவனிக்க ஐந்தாறு வருஷம் கழித்து, 1542-இல், வந்தவர்தான் பிரான்சிஸ் சவேரியார்.

சவேரியார் தங்கிய குகை மேட்டின் கடற்பக்கச் சரிவில் இருக்கிறது. அவருக்கு முன்னால் அங்கே ஒரு சைவச் சன்னியாசி குடியிருந்தார். குகையில் இருக்கும் கல்வெட்டே அதை மறைக்காமல் சொல்கிறது. காலி செய்யும்போது என்ன பேச்சு நடந்தது என்பதை மட்டும் கல்வெட்டு சொல்லவில்லை. உப்புக்கடலிலிருந்து பத்தெட்டில் நல்ல தண்ணீர் ஊறும் கிணறு ஒன்றும் உண்டு. குடித்துப் பார்த்தேன். இந்தத் தண்ணீர் இருந்தால் நானும் சன்னியாசம் வாங்கியிருப்பேன்.

சவேரியாரைப் பற்றிப் படங்களில் பார்க்கும் உருவம் கண்ணை வானத்துக்குச் செருகியபடி நிற்கும். 1544-இல் மணப்பாட்டிலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் தம் சகா மன்சிலாசுக்கு அவர் எழுதிய கடிதங்களைப் படித்தால் வேறொரு ஆள் தெரிகிறார். ஒரு தாசில்தார் அலுவலகத்தைத் தனி ஆளாக நடத்தும் மனிதர். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகிறது என்கிறார். மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூப்பிடுகிறார். சாராயம் குடிக்கும் பெண்ணைப் பிடித்துக் கொடுத்தால் சேவகனுக்கு ஒரு பணம் என்று இனாம் அறிவிக்கிறார். ஆண்கள் குடித்தால் என்ன இனாம் என்று தேடிப் பார்த்தேன். அந்தக் காலத்திலேயே பட்டுவாடா செய்து கட்டுப்படியாகாது என்று விட்டிருப்பார்.

அவருக்கு உண்மையான தலைவலி உள்ளூர்க்காரர்கள் இல்லை. பாதுகாக்க வந்த போர்ச்சுக்கீசியத் தலைவன் கோஸ்மே த பைவா. இவனும் குதிரை வியாபாரம்! பரதவரைக் காப்பது பகுதிநேர வேலை, அவர்களைக் கறப்பதும் குதிரை விற்பதும் முழுநேரம். சவேரியார் கடிதத்துக்குக் கடிதம் இவனைத் திட்டுகிறார். கடைசியில் 1544 செப்டம்பரில் வடக்கேயிருந்து வடுகர் படை வந்து பைவாவின் வீட்டையும் கப்பலையும் கொளுத்தியது. அவன் தீவுக்கு ஓடினான். செய்தி கேட்ட சவேரியார், உடனே போய் அவனுக்கு உதவு என்று மன்சிலாசுக்கு எழுதினார். அங்கேதான் எனக்கு மனிதர்மேல் மரியாதை வந்தது. நானாக இருந்தால் முதலில் ஒரு நல்ல வெற்றிலையாகப் போட்டிருப்பேன்.

இதையெல்லாம்விட அவருடைய அசல் சாமர்த்தியம் செருப்புப் பணத்தில் இருக்கிறது. முத்துக்குளித்துறைக்காரர்கள் போர்ச்சுகல் ராணிக்கு வருஷந்தோறும் 4,000 பொன் பணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். எதற்கு? ராணியம்மாள் செருப்பு வாங்க! இந்தக் கரையில் மூச்சை அடக்கி முங்கியவன் செருப்பே பார்த்திருக்க மாட்டான். லிஸ்பனில் ஒரு ஜோடிக் காலுக்கு இத்தனை ஊர் உழைத்திருக்கிறது. சவேரியார் காத்தரீன் ராணிக்கு எழுதினார்: அந்தப் பணத்தை இங்கே பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார்களுக்குக் கொடுத்துவிடுங்கள், மோட்சத்துக்கு நடக்க இந்தப் பிள்ளைகளைவிட நல்ல செருப்பு உங்களுக்குக் கிடைக்காது. ராணி கொடுத்துவிட்டார். செத்த குதிரைக்குக் காசு வாங்கியவர்களையே ஒரு கடிதத்தில் தோற்கடித்த பேரம் இது. நேரே போய் வரியைக் குறையுங்கள் என்று கேட்டிருந்தால் மனு இன்னும் லிஸ்பனில் பரிசீலனையில் இருக்கும்.

1658-இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்துப் போர்ச்சுக்கீசியரை விரட்டினார்கள். தங்கள் சீர்திருத்த சபைக்கு மாறச் சொல்லிப் பரதவரிடம் பேசிப் பார்த்தார்கள். சொரூபம் இல்லை, மாதா இல்லை, தேர் இல்லை, திருவிழா இல்லை. பதிலுக்கு என்ன தருவீர்கள் என்றால் நீண்ட பிரசங்கம். எந்த வியாபாரிதான் இதை வாங்குவான்? பரதவர் பாதுகாப்புக்காகச் சேர்ந்த வேதத்தைப் பாதுகாப்பு போன பிறகும் விடவில்லை. இதை எந்தக் கணக்கில் எழுதுவதென்று டச்சுக்காரர்களுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

மேட்டு உச்சியில் கல் பாவிய சதுக்கம் கிடையாது. மணலும் காற்றும்தான். காற்று நம்மைத் தூக்கிப் போடும் வேகத்தில் அடிக்கிறது. கீழே ஒரு பக்கம் நாட்டுப்படகுகள், இன்னொரு பக்கம் கருமேனி ஆற்றுக் கழிமுகம். பிராக்கில் போல இங்கிருந்து யாரையாவது தள்ளினாலும் மணலில் விழுந்து எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுத் திரும்பி வந்துவிடுவான். எனவே போருக்கு வாய்ப்பில்லை.

வடக்கே பார்த்தால் குலசேகரன்பட்டினத்துப் பக்கம். அங்கேதான் 2024 பிப்ரவரி 28-இல் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ராக்கெட் விட்டால் இலங்கை குறுக்கே வருகிறது, வளைந்து போனால் எரிபொருள் வீண். இங்கிருந்து நேரே தெற்கு வெறும் கடல்தான். சின்ன ராக்கெட்டுக்கு அது லாபம். அரபியும் போர்ச்சுக்கீசியனும் கணக்குப் போட்ட கரையில் இப்போது விஞ்ஞானிகள் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

கீழே இறங்கியபோது படகடியில் வலை பிரித்துக்கொண்டிருந்தவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன்.

"விடட்டும் அண்ணாச்சி, நல்லதுதான. ஆனா விடுத அன்னைக்கு எங்கள கடலுக்குப் போவக் கூடாதும்பான்லா?"

"ஆமா, அப்படித்தான் சொல்லுவாங்க."

"அந்த நாள் பாட்டுக்கு எவ்வளவு தருவான்?"

தெரியவில்லையே என்றேன். அவர் வலையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"கேட்டுப் பாக்கணும். மொத வாட்டி அவன் சொல்லுத வெலைக்கு நாம சரின்னு சொல்லிரக் கூடாது."